உள் ரூமுக்கு நடுவே ஒரு முட்டு

தோசைத் திருப்பியால் ஐடா சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டித் தருவதாகச் சொன்னவர் அவள் கணவர் இன்பராஜ். "மொதல்ல மேல பாக்கணும், அப்புறந்தான் செவுத்துல கை வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே பார்க்க ஆரம்பித்து இரண்டு நாள் ஆகிறது. ஐடா மேலே பார்க்கவில்லை. பழைய பச்சை டிஸ்டெம்பர் உதிர்ந்து தலைமயிர், புருவம், ஜாக்கெட் எல்லாம் பச்சையாகிவிட்டிருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பார்வதம்மா யாரோ என்று நினைத்து ஓரடி பின்வாங்கினாள். பிறகு அடையாளம் தெரிந்து கிட்டே வந்தாள்.

"யாருக்கு கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல."

"அப்போ இன்னாத்துக்கு பெயிண்ட்டு? கிறிஸ்மஸுக்கு இன்னும் ஆறு மாசம் கீதே."

கேள்வியில் நியாயம் இருந்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் பெயிண்ட் அடிப்பதென்றால், சிலுவை மாட்டிய வீட்டில் டிசம்பர், விளக்கேற்றுகிற வீட்டில் பொங்கல், எந்த வீடானாலும் கல்யாணம். ஜூன் மாதத்தில் எவரும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை. அது காற்றுக் காலம். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுப் பொடியை வாரிக்கொண்டு வந்து ஜன்னல் இடுக்கெல்லாம் அப்பிவிட்டுப் போகிற காற்று, ஈரச் சுவர் கிடைத்தால் விடுமா?

"எனக்குத்தான் அடிக்கிறேன்" என்றாள் ஐடா.

"உனக்கா? உனக்கு இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று ஐடா சொன்னாள். பார்வதம்மா நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாடகர் குழுவில் உள்ள ஒரு அம்மாள் ஐடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புள்ள எல்வினுக்கு மறுகல்யாணமாமே. அந்தக் கன்னடப் பொண்ணு மமதா நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது நல்லாத்தான் கீது. இது ஏழாவது மாசம்."

"ஐயோ ஏசப்பா! ஏழாவது மாசத்துலயா விட்டுட்டான்?"

அந்த அம்மாளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஐடாவுக்கு வீட்டுக்குப் போகிற ஆட்டோ போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். மே மாதம் முப்பத்தோராம் தேதி ஐடா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். சுரங்கத்தை மூடிய வருஷம் அவள் பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கச் சேர்ந்தவள். சூப்பர்வைசராக வெளியே வந்தாள். இருபத்து நாலு வருஷம், விடிவதற்கு முன்னால் புறப்படுகிற ரயில், விளக்கு வைத்தபின் திரும்புகிற வண்டி. போகும்போது உட்கார்ந்தபடி தூங்குவாள். வரும்போது மடியில் அவரைக்காய் உரித்துக்கொண்டு வருவாள், வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பில் போட்டால் போதும் என்கிற அளவில். ஒருமுறை ரயிலில் சில்லறைச் சாமான் விற்கிற ஆள் ஒருவர் தவறுதலாக எடுத்துக்கொண்டு போன பையில் அரைக் கிலோ உரித்த பட்டாணி இருந்தது. மறுநாள் அதே பெட்டியில் அவரே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். வேகவைத்து.

வண்டிக்குப் போகிறவர் கதவோரம் படுக்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டுக்குப் போகிறவன் கதவோரம் படுத்தான். எழுந்து போகிறபோது தூங்குகிறவர்களை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். சுரங்கம் மூடியது, ஷிப்டு போயிற்று, கதவோரம் மட்டும் ரயிலுக்குப் போகிறவர்களுக்கு வந்து சேர்ந்தது. இருபத்து நாலு வருஷம் ஐடாவின் பாய் கதவோரம். மழைக் காலத்தில் தண்ணீர் வருவது முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டில் கதவு உள்ள ரூம் ஒன்றே ஒன்று. ஹாலுக்குப் பின்னால், ஒன்பதடிக்கு ஏழடி. அதை எல்லோரும் உள் ரூம் என்பார்கள். ஐடா கல்யாணமாகி வந்தபோது அதில் இன்பராஜின் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அவர்களுக்குத் தனி குவார்ட்டர்ஸ் கிடைத்ததும், நர்ஸிங் படிக்கிற நாத்தனாருக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவளுக்குப் போயிற்று. நாத்தனாருக்குக் கல்யாணமானதும் மாமனார். அவருக்கு மைன்ஸ் தூசி ஏறிய நெஞ்சு, ராத்திரி முழுக்க இருமல். கதவைச் சாத்தினால்தான் மற்றவர்கள் தூங்க முடியும். அவர் போனபிறகு எல்வினின் பத்தாம் வகுப்பு, அப்புறம் எல்வினின் டிப்ளமோ, அப்புறம் எல்வினும் மமதாவும் புதுசாக நாலு மாசம். அவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டபின் எல்வினின் சாமான்கள். ஒவ்வொரு முறையும் ரூமைக் கழுவி, சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்து, திரையை மாற்றி, அடுத்த ஆளுக்குத் தயார் செய்தவள் ஐடாதான். ஒவ்வொரு முறையும் ஹாலில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தபோது கடைசியாக ஒரு வாக்கியம் வரும்: "ஐடா எங்கியாச்சும் படுத்துக்குவா." அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையில் அவள் எங்கேயாவது படுத்துக்கொள்ளத்தான் செய்தாள்.

ஜூன் ஒன்றாம் தேதி காலையில் காப்பி குடிக்கும்போது அவள் சொன்னாள். "இன்னாங்க, உள் ரூமை நான் எடுத்துக்கறேன்."

"சரி" என்றார் இன்பராஜ், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய சரிக்கு என்ன மதிப்பு என்று ஐடாவுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு அன்றே ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள். முதலில் மரக்கடையில் நாலடி அகலத்தில் ஒரு கட்டில் சொன்னாள். ஒன்றரையடிப் பாயில் கையை மடக்கிப் படுத்தவளுக்கு இனிமேல் இரண்டு பக்கமும் நீட்டிப் படுக்க வேண்டும். அப்புறம் பெயிண்ட் கடை. இளம் ரோஜா நிறத்தைக் காட்டினாள்.

"பாப்பா ரூமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

"அம்பத்தெட்டு."

கடைக்காரர் டப்பாவை மூடி ஒரு பிரஷ் இனாமாகக் கொடுத்தார்.

இன்பராஜ் மேலே பார்த்ததற்கும் காரணம் உண்டு. அவர் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பூமிக்கடியில் பாறை விழாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஐயாயிரம் அடிக்குக் கீழே போனதும் முதல் காரியம் மேலே தட்டிப் பார்ப்பது. பாறை நன்றாக இருந்தால் மணி மாதிரி சத்தம் வரும். விட்டுப்போயிருந்தால் சட்டியைத் தட்டிய மாதிரி. அதைக் கேட்காமல் எவனும் கீழே உட்காரக்கூட மாட்டான். சுரங்கம் மூடியபிறகு பெங்களூர் அபார்ட்மெண்ட் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே லிப்டில் ஏறுமுன் அதன் கூரையைக் குடையால் தட்டிப் பார்ப்பார் என்று எழுதிப் போட்டு ஒரு பெண்மணி புகார் கொடுத்தார். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். சர்ச் பெஞ்சுகள் உடைந்தால் அவர்தான் சரிசெய்வார். அந்த பெஞ்சுகள் மறுபடி உடைந்ததில்லை.

மூங்கில் கழியை எடுத்து உள் ரூமின் கூரையை ஓரடி ஓரடியாகத் தட்டினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"ஓடும் உத்தரமும்தான் மேல கீது. பாறை இல்ல" என்றாள் ஐடா.

"எதுவா இருந்தா இன்னா? மேலருந்து விழறதுதானே?"

பரணை எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னதில்தான் சிக்கல் ஆரம்பித்தது. சுவரோடு சுவராக ஒரு பெரிய மரப்பரண். அதில் மாமனாரின் டிரங்குப் பெட்டி, எல்வினின் கேரம் போர்டு, மூடி இல்லாத மூன்று குக்கர்கள். படுத்தால் மூக்குக்கு நேரே அது தொங்கும். "இத எடுத்தா மேல இருக்கற லோடு எங்க போவும்?" என்றார் இன்பராஜ். "லோடா? கேரம் போர்டு பரணைத்தானே அழுத்துது, உத்தரத்தையா அழுத்துது?" என்றாள் ஐடா. அவர் சிரித்தார். கீழே வேலை பார்க்காதவர்களைப் பார்த்து கீழே வேலை பார்த்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

மறுநாள் ஒரு யூகலிப்டஸ் கம்பத்தோடு வந்தார். தொடைப் பருமன். உச்சியில் ஒரு பலகையை வைத்து, ரூமின் நட்டநடுவில் கம்பத்தை நிறுத்தி, பலகைக்கும் உத்தரத்துக்கும் இடையில் மர ஆப்பை நுழைத்து, பெரிய மரச்சுத்தியால் ஓங்கி அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

அந்த லைனில் ஆறு வீட்டுக்கும் ஒரே உத்தரம்தான் நீளமாகப் போகிறது. வீட்டைப் பிரிக்கிற சுவர்கள் அதற்குக் கீழே மரியாதைக்கு நிற்கின்றன. டிம்பர்மேனாக இருந்தவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் சுரங்கத்தில் பாறைக்கு அந்தப் பக்கம் பார்வதம்மா குழம்பு வைத்துக்கொண்டிருந்ததில்லை.

கரண்டியும் கையுமாக அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். "இன்னாப்பா இன்பராஜு! ஏர்பிளாஸ்டா? எங்க வீட்டு ஓடு ரெண்டு எழுந்து உக்காந்துகிச்சு! கொழம்பு முழுக்க மண்ணு!"

ஏர்பிளாஸ்ட் என்றால் பூமிக்குள் பாறை திடீரென்று வெடிப்பது. அந்தக் காலத்தில் அது நடந்தால் மேலே வீடுகளில் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும். பெண்கள் சுரங்க வாய்க்கு, ஷாப்டுக்கு, ஓடுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் லைனில் நாலு கதவு திறந்தன.

இன்பராஜ் முகம் மலர்ந்து போயிற்று. "பாத்தியா ஐடா! லோடை எடுத்துகிச்சு!"

பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்வதம்மாவின் ஓட்டைச் சரிசெய்து கொடுத்தார். குழம்புக்குப் பதிலாக ஐடா வீட்டிலிருந்து ரசம் போயிற்று.

பரணை எடுத்தார்கள். எதுவும் விழவில்லை. முட்டு மட்டும் நின்றது.

"இதை எப்போ எடுப்பீங்க?"

"லோடு உக்காரணும். ஒரு மாசம் போவட்டும்."

"கட்டில் ரெண்டு மூணு நாள்ல வருது. நாலடி. ரூமே ஏழடி. நட்டநடுவுல இது நின்னா கட்டிலை இன்னா, செங்குத்தா நிக்க வச்சுப் படுக்கறதா?"

"உயிர் முக்கியமா, கட்டில் முக்கியமா?"

"கட்டில்" என்றாள் ஐடா.

அவள் முட்டைச் சுற்றிச் சுற்றி வந்து நாலு சுவருக்கும் ரோஜா நிறம் அடித்தாள். முட்டுக்கு அடிக்கவில்லை. அது தற்காலிகம் என்று அவருக்கும் அதற்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தாள்.

இரண்டாவது கோட் அடிக்கும்போது எல்வின் போன் செய்தான். போன் இன்பராஜின் கையில், ஸ்பீக்கரில்.

"டாடி, ஒரு ஹேப்பி நியூஸ். மமதா அடுத்த வாரம் பங்காரப்பேட்டைக்கி அவங்கம்மா வீட்டுக்குப் போறா. டெலிவரி வரைக்கும் அங்கதான். எனக்கு ஆபீஸ்ல வீட்லருந்தே வேலைன்னு சொல்லிட்டாங்க. இங்க வீட்டைக் காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடறேன். உங்களுக்கும் ஹெல்ப்பு, மமதாவையும் பக்கத்துலருந்து பாத்துக்கலாம்."

"வாடா ராஜா!"

"என் ரூம் ஃப்ரீயாதானே கீது? கதவு இருக்கற ரூம்தான் வேணும் டாடி, கால்ஸ் வரும். ஆனா மம்மிக்கி..."

"மம்மி எங்கியாச்சும் படுத்துக்கும். நீ வா."

சொல்லி முடித்தபிறகுதான் இன்பராஜ் திரும்பிப் பார்த்தார். ஐடா பிரஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தோய்த்த பிரஷால் முட்டின் அடியிலிருந்து பூச ஆரம்பித்தாள். முழுவதும் பூசினாள். கை எட்டுகிற உயரம் முடிந்ததும் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, ஆப்புவரைக்கும் பூசினாள்.

அன்றைக்கு அவள் பாயை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

இன்பராஜுக்கு இதன் அர்த்தம் காலையில் சட்டை எடுக்கப் போனபோதுதான் புரிந்தது. அவருடைய சட்டைகள், கண்ணாடி, ரம்பம், உளி, முழங்கால் தைலம் எல்லாம் உள் ரூம் அலமாரியில் இருந்தன. கதவைத் தட்டினார்.

"ஐடா, சட்டை."

உள்ளே பாய் சரசரத்தது.

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. வாயில பழக்கமா வந்துடுச்சு. வேணும்னேவா சொன்னேன்?"

உள்ளே கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. மணி ஏழரை. அவள் ஏழரைவரை படுத்திருந்து இன்பராஜ் பார்த்ததில்லை. பிரசவத்துக்குப் போனபோதுகூட ஆறு மணிக்கு எழுந்து தானே குளித்துவிட்டுப் போனவள்.

நேற்றுப் போட்ட சட்டையோடு பால் வாங்கப் போனார். சமைக்க, குளிக்க வெளியே வந்தபோதெல்லாம் ஐடா ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாளும் அதே சட்டை. பார்வதம்மா பார்த்துவிட்டு, "இன்னா இன்பராஜு, ஐடா ஊர்ல இல்லியா?" என்றாள். "கீது" என்றார். "அப்போ நீதான் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் குழாயடிக்குப் போனாள்.

மூன்றாம் நாள் கட்டில் வந்தது. கடைப்பையன்கள் ஹாலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தாழ்ப்பாள் திறந்தது. ஐடா வெளியே வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் கணவரைப் பார்த்தாள்.

"முட்டு போவாதுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஒரு மாசம்..."

"போவ வேணாம். கட்டிலை வெட்டுங்க."

"புதுக் கட்டிலையா?"

"முட்டு நிக்கற எடத்துல மட்டும் வெட்டுங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும், நான் பாட்டுக்குப் படுத்துக்கறேன்."

இன்பராஜ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். கண்ணில் விளக்கு எரிந்தது. வேலை என்று ஒன்று கொடுத்தால் அவருக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது. கட்டிலை உள்ளே கொண்டுபோய், சாய்த்து, பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, பக்கச் சட்டத்தை நடுவில் அறுத்து, இரண்டு முனைகளையும் முட்டின் உடம்பிலேயே குடைந்து கொளுவி, போல்ட் போட்டு முடுக்கினார். பலகைகளை அரைவட்டமாக வெட்டிச் சேர்த்தார். ஒரு நாள் முழுக்க வேலை. முடிந்தபோது கட்டில் முட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு ஐந்தாவதாக ஒரு கால் முளைத்து, கூரைவரைக்கும் போய்விட்டது. ரூமில் மிச்சம் இருந்தது கதவைத் திறக்கிற இடமும் ஜன்னல் பக்கம் ஒரு ஆள் நடக்கிற இடமும்தான்.

ஐடா படுத்துப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு கை முட்டைத் தொட்டது. அதில் ஒரு ஆணி அடிக்கச் சொல்லி மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். இன்னொரு ஆணி, அதில் பை. இன்பராஜுக்குச் சட்டை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்வின் வந்து சேர்ந்தான். டெம்போவில் மேஜை, சக்கரம் வைத்த நாற்காலி, இரண்டு மானிட்டர். கூட அவன் சிநேகிதன் சுனில். டிப்ளமோவில் கூடப் படித்தவன், சிவில் முடித்து இப்போது ராபர்ட்சன்பேட்டையில் சின்னச் சின்னக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன்.

எல்வின் உள் ரூம் கதவைத் தள்ளினான். நின்றுவிட்டான். ரோஜாச் சுவர், ரோஜாக் கம்பம், கம்பத்தில் மூக்குக்கண்ணாடி.

"டாடி, இது இன்னாது?"

"முட்டு."

"அது தெரியுது. கட்டிலுக்குள்ள எப்படிப் போச்சு?"

"கட்டில்தான் அதுகிட்ட வந்துச்சு."

எல்வின் அளவு டேப்பை எடுத்து நீட்டினான். மேஜை ஐந்தடி. எங்கே வைத்தாலும் கதவு திறக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஜன்னல் பக்கம் நின்று காமிராவில் பார்த்தான். அவன் உச்சந்தலையிலிருந்து ஒரு ரோஜா நிறக் கம்பம் கிளம்பி மேலே போயிற்று. சுனில் சிரித்துச் சிரித்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய், சிரிக்காத. நீ சொல்லு, இது வேணுமா வேணாமா?"

சுனில் எழுந்தான். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். முக்காலியில் ஏறி உச்சியில் உள்ள ஆப்பை இரண்டு விரலால் பிடித்தான். அது கையோடு வந்தது.

"அங்கிள்" என்றான் மரியாதையோடு, "இது எதையும் தாங்கல. சும்னே நிக்குது. மரம் காஞ்சு இளகிடுச்சு. உங்க உத்தரம் தேக்கு, இன்னும் நூறு வருஷம் ஓடும். இதை எடுத்துடலாம், அரை மணி நேர வேலை."

"அவ்ளோதானே!" என்றான் எல்வின். "எடுத்துட்டா கட்டிலை ஹாலுக்கு மாத்திடலாம். மேஜை உள்ள வந்துடும்."

ஐடா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் ஜன்னல் திரைத் துணி.

இன்பராஜ் சுனிலின் கையிலிருந்த ஆப்பைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். மகனின் அளவு டேப்பைப் பார்த்தார். நிலையில் நின்றவளையும் பார்த்தார். அவர் வைத்த முட்டு ஒன்று எதையும் தாங்காமல் நின்றது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆப்பை வாங்கிக்கொண்டு முக்காலியில் ஏறினார்.

"சுத்தியை எடு."

"டாடி, கழட்டறதுக்கு ஸ்பேனர் போதும்..."

"சுத்தியை எடுடா."

ஆப்பை இடுக்கில் வைத்து அடித்தார். ஒன்று. இரண்டு. உத்தரம் முனகியது.

"இன்பராஜூ!" என்று சுவருக்கு அப்பாலிருந்து பார்வதம்மாவின் குரல் வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? இப்பதான் சட்டியை எறக்கி மூடி வச்சேன், தப்பிச்ச!"

இன்பராஜ் கீழே இறங்கி முட்டை ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்தார். "இப்போ தாங்குது" என்றார்.

"நீங்க அடிச்சதாலதான் டாடி தாங்குது! அடிக்காட்டி அது தாங்கவே தேவையில்ல!"

"இப்போ எடுத்தா ஓடு எறங்கும். பார்வதம்மா ஊட்டு மேலயும் எறங்கும். அவகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

எல்வின் சுனிலைப் பார்த்தான். சுனில் சிவில் படித்தவன்தான். ஆனால் அதே லைனில் வளர்ந்தவன். "ஆக்சுவலா, கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றான்.

"மம்மி, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"முட்டைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் ஐடா. துணியை நாலாக மடித்தாள். "அது இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. இது என் ரூமு எல்வின்."

மணி என்ன என்று கேட்டால் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அந்த வீட்டில் அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அவளைத் தவிர.

எல்வின் டேப்பை மெல்லச் சுருளவிட்டான். "மொதல்லியே சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேனே மம்மி."

"இப்போ சொன்னேன்ல."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. இரண்டு நிமிஷம் தலையைச் சொறிந்தான். பிறகு மேஜையை ஹாலிலேயே போட்டுக்கொள்கிறேன் என்றான். சுனில் நடுவில் ஒரு திரை கட்டினால் போதும் என்றான். பிளக் பாயிண்ட் இருப்பது ஹாலில் இன்பராஜ் படுக்கிற இரும்புக் கட்டிலுக்குப் பின்னால். இரண்டு பேரும் சேர்ந்து அதை மடித்துப் பின்பக்கம் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மேஜை அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மமதாவுக்குப் போன் போட்டுக் காட்டினான். "பரவாயில்லா, சென்னாகிதே, நல்லா இருக்கு" என்றாள் அவள். அப்புறம், "அத்தே ரூமைக் காட்டு" என்றாள். ஐடா போனை வாங்கி முட்டை அடியிலிருந்து நுனிவரைக்கும் காட்டினாள். மமதா சிரித்த சிரிப்பில் வயிற்றுப்பிள்ளை உதைத்துவிட்டதாக அவளே சொன்னாள்.

ஹாலில் மேஜைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்பராஜ் உள் ரூமுக்கு வந்தார். ஐடா கட்டிலில் உட்கார்ந்து திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் கட்டிலைத் தூக்கி வெளிய வச்சிட்டானுங்க" என்றார்.

ஐடா ஊசியில் நூல் கோத்தாள்.

"அமெரிக்காக்காரனோட பேச்சாம். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஓடுமாம். லைட்டு போட்டுகினு."

நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

அவர் குனிந்து கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். போல்ட்டைத் தடவினார். பலகையை விரலால் சுண்டினார். "ஸ்ட்ராங்கா கீது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாலடின்னா ரெண்டு பேருக்குத் தாராளந்தான், இல்ல?" என்றார்.

ஐடா திரையை உதறி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு பக்கம் அரை விரற்கடை இறங்கியிருந்தது. மடியில் போட்டுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

இன்பராஜ் முட்டில் சாய்ந்தபடி அவள் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலிலிருந்து எல்வின் ஸ்க்ரூடிரைவர் கேட்டுக் கூப்பிட்டான். அவர் தரையில் கிடந்த மரச்சுத்தியையும் மிச்ச ஆப்புகளையும் பொறுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவை முழுக்கச் சாத்தாமல், வெளியே போனார்.